கடைமடைக்குத் தண்ணி வரல்லைன்னா... (அல்லது லினக்ஸ்ல கேம் ஓடின கதை)

மக்களே, ரொம்ப நாள் கழிச்சு ஒரு கணினிப் பதிவு. "நீ ஊர்க்கதை எழுதினா படிக்க முடியுது, லினக்ஸ் பத்தி எழுதினா கொட்டாவி வருது"ன்னு நம்ம பதிவர் நண்பர் ஒருத்தர் போன மாசம் போன்ல சொன்னார். அதனால இந்தப் பதிவுல ரெண்டும் கலந்து இருக்கு. கொட்டாவி வர்றவங்க நடுவுல நாலஞ்சு பத்தியைத் தாண்டிப் போயிக்கலாம். ஆனா தாண்டினா எங்க அக்கா வளையல் என்னாச்சுன்னு புரியாது. சொல்லிட்டேன் :-)

டிசம்பர் 2025, மூணாவது வாரம். ராத்திரி எட்டரை மணி இருக்கும். தேரூர்ல இருந்து அக்கா போன்.

"லே தம்பி, ஒரு நல்ல லேப்டாப்பு எவ்வளவு ஆவும்?"

"யாருக்கு?"

"இவனுக்குத்தான். இருக்கது ஒண்ணுக்கும் ஆவாதாம். கேம் வெளையாடுத மாதிரி ஒண்ணு எழுவதாயிரம் ஆவும்ங்கான். ரெண்டு வளையலைப் பணயம் வச்சிரலாம்னு பாக்கேன். கும்பப்பூ அறுத்ததும் திருப்பிரலாம்லா?"

அந்த வளையல் எங்க அம்மாவோடது. அதுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அக்காவோட மூத்த மக நர்சிங் சேர்ந்தப்போ அதே ரெண்டு வளையல்தான் பேங்குக்குப் போச்சு. "அடுத்த அறுப்புல திருப்பிரலாம்"னு போனது, திரும்பி வர நாலு வருஷம் ஆச்சு. வட்டி கட்டின கணக்கை அத்தான் இன்னும் ஒரு பழைய டைரியில வச்சிருக்கார். படிப்புக்கு வச்சதுல ஒரு நியாயம் இருக்கு. கேமுக்கா?

ஆனா அதை எப்பிடி சொல்ல? பையனுக்கு வயசு பத்தொன்பது. இஞ்சினியரிங் ரெண்டாம் வருஷம். எல்லாப் பயலும் வச்சிருக்கான், எனக்கு மட்டும் இல்லைன்னு நினைக்கிற வயசு. நம்மளும் அதைத் தாண்டி வந்தவங்கதானே.

"எக்கா, ரெண்டு வாரம் பொறு. நான் வந்து பாக்கேன். அது வரைக்கும் வளையலைக் கழட்டாத."

சொல்லிட்டேனே தவிர, போனை வச்சதும் வயித்தைக் கலக்கிச்சு. காரணம் இருக்கு. அதுக்கு 2012க்குப் போகணும்.

அந்த வருஷம் மூத்தவளுக்கு அரசாங்கத்தோட விலையில்லா மடிக்கணினி கிடைச்சுது. 2011ல ஜெயலலிதா தொடங்கி வச்ச திட்டம். உங்கள்ல நிறைய பேர் வீட்லயும் ஒண்ணு வந்திருக்கும். அதைத் திறந்தா ரெண்டு கதவு. ஒண்ணு விண்டோஸ், இன்னொண்ணு பாஸ் லினக்ஸ். சென்னை சி-டாக் காரங்க 2007ல வெளியிட்ட நம்ம ஊர் லினக்ஸ். பெட்டியைப் பிரிச்ச அன்னிக்கே அவ கேட்டா, "மாமா, இந்த ரெண்டாவதுல கேம் ஓடுமா? வைஸ் சிட்டி ஓடுமா?"

நான் யாரு? 2006லயே உபுண்டு காரங்களுக்கு எழுதிப் போட்டு, நெதர்லாந்துல இருந்து தபால்ல இலவச சிடி வரவழைச்சவன். அந்த உறையைக் கொண்டு வந்த தபால்காரர் "சாருக்கு ஃபாரின்ல யாரு?"ன்னு கேட்டதை ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவன். அப்பேர்ப்பட்ட நான் சொன்ன பதில்: "லினக்ஸ்ல கேம் எல்லாம் ஓடாது மக்களே. அது படிக்கிறவங்களுக்கு." சொன்னதோட நிக்காம, பாஸ் இருந்த பகுதியை அழிச்சு அந்த இடத்தையும் விண்டோஸுக்கே சேர்த்துக் கொடுத்துட்டேன். அஞ்சு நிமிஷ வேலை.

இங்கே இருந்து களியக்காவிளை தாண்டினா கேரளம். அங்கே அரசுப் பள்ளிக்கூடங்கள்ல பிள்ளைங்க லினக்ஸ்லதான் கணினி படிக்குது, அதுலதான் பரீட்சையும் எழுதுது. இந்தப் பக்கம் நாங்க வீட்டுக்கே வந்த லினக்ஸை அழிச்சு ஹார்டு டிஸ்க்ல இடம் பிடிச்சோம். அதுல நானும் ஒருத்தன்.

அன்னிக்கு நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. 2012ல நிலைமை அப்பிடித்தான். விண்டோஸ் நிரலை லினக்ஸ்ல ஓட்டுற வைன் 1993ல இருந்தே இருந்தாலும், அதுல ஒரு கேமை ஓட வைக்கிறதுக்குள்ள கேம் மேல இருக்கிற ஆசையே போயிரும். ஸ்டீம் லினக்ஸுக்கு முழுசா வந்தது 2013ல. வல்கன்ங்கிற புது வரைகலை முறை வந்தது 2016ல. விண்டோஸ் கேமோட டைரக்ட் எக்ஸ் பேச்சை வல்கனுக்கு மொழிபெயர்க்கிற டிஎக்ஸ்விகே 2018ல. அது ரெண்டையும் வைனோட கட்டி வால்வ் நிறுவனம் புரோட்டான்னு கொடுத்தது அதே 2018 ஆகஸ்ட்ல. 2022ல வந்த ஸ்டீம் டெக்ங்கிற கையடக்க விளையாட்டுப் பெட்டி ஓடுறதே லினக்ஸ்லதான். காலம் மாறினப்போ நான் சொன்ன பதிலை மாத்திச் சொல்ல நானும் போகலை, கேக்க அவளும் வரலை. அவ இப்போ மஸ்கட்ல நர்ஸ்.

சனிக்கிழமை காலையிலயே தேரூர் போயிட்டேன். மருமகன் மாடியில இருந்தான். மருமக்கள்வழி இருந்த காலமா இருந்தா என் சொத்து பூரா இவனுக்குத்தான் போயிருக்கும். நல்லவேளை, சொத்தும் இல்லை, அந்த வழக்கமும் இல்லை.

"வாங்க மாமா"ன்னு சொன்ன வாயோட அடுத்தது: "லினக்ஸ்ல கேம் ஓடாதுன்னு நீங்கதானே அக்காட்ட சொன்னீங்க? சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."

அவ்வ்வ்வ்வ்...

மெதுவா விசாரிச்சேன். மடிக்கணினி பழசா வாங்கினது. ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5, தனி கிராஃபிக்ஸ் அட்டை கிடையாது, 4 ஜிபி ராம், சுத்துற ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட இலவச ஆதரவு முடிஞ்சுது. விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறையில இருந்துதான் அனுமதி. காலேஜ்ல யாரோ சொல்லி, இவனே ஒரு பென் டிரைவ்ல லினக்ஸ் மின்ட் போட்டு நிறுவியிருக்கான். யாரும் சொல்லிக் கொடுக்கலை. அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம், வெளியில காட்டிக்கலை.

விளையாட நினைச்சது ஜிடிஏ 5. 2020 மே மாசம் ஊரடங்கு நேரத்துல எபிக் கடையில ஒரு வாரம் இலவசமா கொடுத்தாங்களே, அப்போ எட்டாம் கிளாஸ் பையன் வாங்கி வச்சது. அஞ்சரை வருஷமா கணக்குல கிடக்கு, ஓட்டிப் பார்க்க ஒழுங்கான கணினி இல்லை. ஹீரோயிக்னு ஒரு நிரல் வழியா இறக்கி, புரோட்டான்ல ஓட்டினா கார் நகர்றது கல்யாண ஊர்வலம் மாதிரி இருக்கு.

"ஸ்பீடு ஆக்க என்னெல்லாம் செஞ்ச?"ன்னு கேட்டேன். ஒரு நோட்டை எடுத்து நீட்டினான். ஒரே ராத்திரியில பதினாலு மாற்றம். யூடியூப்ல யார் யாரோ சொன்னது. கெர்னல் மாத்தினது, செயலிப் பாதுகாப்பை அணைச்சது, ஸ்வாப்பினெஸ் குறைச்சது, சிபியுவை முழு வேகத்துல பூட்டி வச்சது... பதினாலுல எது நல்லது பண்ணிச்சு, எது கெடுத்ததுன்னு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நடுவுல ஒரு நாள் கணினி எழும்பவே இல்லையாம்.

"முன்னாடி எத்தனை எஃப்.பி.எஸ் வந்துது, இப்போ எத்தனை?"

முழிச்சான். அளக்கவே இல்லை.

எனக்கும் அப்போ என்ன சொல்லணும்னு தெளிவா தோணலைங்கிறதுதான் உண்மை. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தோம். அத்தான் அப்போதான் வயல்ல இருந்து வந்தார். கையில மம்பட்டி, டார்ச், முட்டு வரைக்கும் சேறு. எங்க ஊர்ல ரெண்டு பூ. சித்திரை வாக்குல தொடங்கினா கன்னிப்பூ, புரட்டாசிக்கு மேல கும்பப்பூ. இப்போ நிக்கிறது கும்பப்பூ. அத்தான் வயல் கடைமடை. பேச்சிப்பாறை அணையில இருந்து கிளம்புற தண்ணி சானல், கிளை, வாய்க்கால்னு எல்லாரையும் பார்த்துட்டு கடைசியாத்தான் இவரைப் பார்க்க வரும். சில சமயம் பார்க்காமலும் போயிரும்.

"வந்துதா?"ன்னு அக்கா கேட்டா.

"வந்துது. பக்கத்து வயல் பய வாய்மடையை இன்னும் அகலமா வெட்டணும்ங்கான். நம்ம வயல்ல நின்னு மடையை வெட்டி என்ன பிரயோஜனம்? தண்ணி வராத மடை எவ்வளவு அகலமா இருந்தா என்ன? சானல்கரை வழியே மேல நடந்து பாத்தேன். பாலத்துக்கு அடியில ஆகாயத்தாமரை வந்து அடைச்சிட்டு நிக்கி. அதை இழுத்துப் போட்டேன், வந்துட்டு."

நான் மருமகனைப் பார்த்தேன். அவன் தட்டைப் பார்த்துட்டு இருந்தான். பைய நிமிர்ந்து, "மாமா, நான் செஞ்சது பூரா வாய்மடை வெட்டினதா?"ன்னான். நான் சொல்ல வேண்டியதை அத்தான் சொல்லிட்டார், அவருக்குத் தெரியாமலே.

மறுநாள் காலையில பதினாலு மாற்றத்தையும் திருப்பிப் போட்டோம். அப்புறம் சானல்கரையில நடக்கிற வேலை.

அதுக்கு மேங்கோஹட்னு ஒரு கருவி இருக்கு. கேம் ஓடும்போதே திரை மூலையில எண்களைக் காட்டும். விநாடிக்கு எத்தனை படம், சிபியு எவ்வளவு வேலை செய்யுது, கிராஃபிக்ஸ் எவ்வளவு, ராம் எவ்வளவு, சூடு எவ்வளவுன்னு. ஜிடிஏ 5க்குள்ளேயே ஒரு சோதனை ஓட்டம் உண்டு. ஒவ்வொரு தடவையும் அதையே ஓட்டணும், ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான், நோட்டுல எழுதணும்னு ஒப்பந்தம். மொதல் ஓட்டம்: சராசரி 12. நடுவுல 4 வரைக்கும் விழுது.

"கிராஃபிக்ஸ் சரியில்லைன்னுதானே எல்லாரும் சொல்லுதாங்க, அது எத்தனை சதவீதம் வேலை செய்யுதுன்னு பாரு"ன்னேன். பல இடத்துல பாதி கூட இல்லை. கிராஃபிக்ஸ் சும்மா நிக்குது. அதுக்குத் தண்ணி வந்து சேரலை. ராம் முழுக்க நிறைஞ்சு, மிச்சம் ஹார்டு டிஸ்க்ல போய் எழுதிட்டும் படிச்சிட்டும் இருக்கு. அதுதான் ஆகாயத்தாமரை.

திங்கக்கிழமை நாகர்கோவில்ல ஒரு கடையில பழைய 4 ஜிபி ராம் ஒண்ணு, 1,100 ரூபாய்க்கு வாங்கினேன். இங்கே ஒரு சங்கதி. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில, கிராஃபிக்ஸுக்கும் அதே ராம்தான் நினைவகம். ஒரு சில்லு இருந்தா ஒரு வழிப் பாதை, ஒரே அளவுல ரெண்டு இருந்தா இரட்டைப் பாதை. அதனால ராம் கூடினதுல ரெண்டு லாபம்: இடமும் கூடிச்சு, பாதையும் அகலமாச்சு. சராசரி 12ல இருந்து 20.

பையன் முகத்துல மொத தடவையா ஒரு வெளிச்சம்.

அடுத்து ஸீராம். ராமோட ஒரு பகுதியில, அடிக்கடி தேவைப்படாததைச் சுருக்கி மடிச்சு வைக்கிற ஏற்பாடு. மெதுவான டிஸ்க்குக்குப் போறதை விட இது எவ்வளவோ வேகம். "ஸ்வாப்பினெஸ் 10ன்னு வை"ன்னு எல்லா வீடியோவுலயும் சொல்றாங்களே, அது டிஸ்க்ல ஸ்வாப் இருந்த காலத்து வைத்தியம். ஸீராம் போட்டா அந்த எண்ணைக் கூட்டத்தான் செய்யணும். 2020ல வந்த 5.8 கெர்னல்ல இருந்து 200 வரைக்கும் போகலாம்னே வச்சிருக்காங்க. சராசரி பெருசா மாறலை, ஆனா 4க்கு விழுற விழுக்காடு நின்னு போச்சு. சராசரியை விட அந்தத் திடீர் விழுக்காடுதான் ஆட்டத்தைக் கெடுக்குதுன்னு அவனே கண்டுபிடிச்சு எழுதினான்.

அப்புறம் சூடு. மொதல் அஞ்சு நிமிஷம் 20 வருது, பத்தாவது நிமிஷம் 15 ஆகுது. எண்ணைப் பார்த்தா 95 டிகிரியைத் தொடுது. தொட்டதும் செயலி தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். பின்பக்கத்தைத் திறந்தோம். விசிறிக்கும் வெப்பம் வெளியேறுற சல்லடைக்கும் நடுவுல தூசு, தலையணைப் பஞ்சு கணக்கா. பழைய பிரஷ்ஷால தட்டி, காய்ஞ்சு போன பசையைத் துடைச்சு 150 ரூபாய்க்கு புதுப் பசை வச்சோம். அரை மணி நேரம் ஓட்டினாலும் 22க்குக் கீழே இறங்கலை. லினக்ஸும் இல்லை, கட்டளையும் இல்லை, வெறும் பிரஷ்!

அடுத்ததுதான் எனக்கே பாடம். "மாமா, சிபியுவை மறுபடி பெர்ஃபார்மன்ஸ்ல பூட்டட்டுமா? இப்போ சூடு குறைஞ்சிட்டே"ன்னான். நானும் சரின்னேன். எனக்கும் அது கூடும்னுதான் நினைப்பு. ஓட்டிப் பார்த்தா 22ல இருந்து 20க்கு இறங்குது! ரெண்டு பேரும் ஙேன்னு முழிச்சோம். இன்னொரு தடவை ஓட்டினோம். அதே 20.

உட்கார்ந்து யோசிச்சப்போதான் புரிஞ்சுது. அந்தச் சில்லுக்கு மொத்தம் 15 வாட் மின்சாரம்தான் கணக்கு. சிபியுவும் கிராஃபிக்ஸும் அந்த 15 வாட்டைத்தான் பங்கு வச்சுக்கணும். சிபியுவை எப்பவும் முழு வேகத்துல ஓடுன்னு பூட்டினா, தேவையில்லாதப்பவும் அது உறிஞ்சிட்டு கிராஃபிக்ஸைக் காயப் போட்டுரும். மேல்மடைக்காரன் மடையை முழுசாத் திறந்து வச்சிட்டா கீழே இருக்கவனுக்கு ஏது தண்ணி? அதுக்குத்தானே வயக்காட்டுல முறை வச்சிருக்கு. பழைய நிலைக்கே விட்டோம், திரும்ப 22. ஃபெரல் இன்டராக்டிவ்ங்கிற நிறுவனம் 2018ல கொடுத்த கேம்மோடுன்னு ஒரு சின்ன நிரல் உண்டு. கேம் ஓடும்போது மட்டும் சிபியுவை வேகப்படுத்தி, முடிஞ்சதும் திருப்பி விடும். அதுலயே, கிராஃபிக்ஸ் செயலிக்குள்ளேயே இருக்கிற கணினின்னா, அது ரொம்ப மின்சாரம் கேக்கும்போது சிபியுவை விட்டுக்கொடுக்கச் சொல்ற ஏற்பாடும் இருக்கு. நமக்கு இன்னிக்குப் புரிஞ்சதை அவங்க என்னிக்கோ யோசிச்சு வச்சிருக்காங்க :-)

கடைசியா, திரை. 1366க்கு 768ல வரையிறதை விட்டுட்டு, 1024க்கு 576ல வரைஞ்சு எஃப்எஸ்ஆர் முறையில பெருசாக்கிக் காட்டச் சொன்னோம். கொஞ்சம் மங்கல்தான், மறுக்கலை. நிழல், புல்லு எல்லாம் குறைச்சோம். சராசரி 33. அதையும் விநாடிக்கு 30ன்னு கட்டி நிறுத்தினோம். 25க்கும் 40க்கும் நடுவுல துள்ளுறதை விட அசையாத 30 கண்ணுக்கு எவ்வளவோ சுகம். மின்சாரமும் மிச்சம், சூடும் குறைவு.

ஹார்டு டிஸ்க்கை மாத்தி ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டது, 1,700 ரூபாய். அதால எஃப்.பி.எஸ் ஒண்ணும் கூடலை. ஆனா கேம் திறக்க நாலு நிமிஷம் ஆனது ஒண்ணேகால் நிமிஷமாச்சு. கணினியே புதுசு மாதிரி எழும்புது. மொத்தச் செலவு 2,950 ரூபாய். மாமா கணக்குல.

பக்கத்து வீட்டுப் பையன் செய்யச் சொன்னான்னு நீங்களும் இதே எண்களை எதிர்பார்க்காதீங்க. உங்க சானல்ல அடைப்பு வேற இடத்துல இருக்கலாம். நான் சொல்ல வர்றது, மொதல்ல நடந்து பாருங்கங்கிறதுதான்.

இனி, மறைக்காம சொல்ல வேண்டியது ஒண்ணு. இவனோட காலேஜ் கூட்டாளிங்க ராத்திரி சேர்ந்து விளையாடுறது வேலரன்ட். அது லினக்ஸ்ல ஓடாது. அதோட ஏமாற்றுத் தடுப்பு நிரல் விண்டோஸ் கெர்னல் வரைக்கும் உள்ளே இறங்கி உட்காரும். இங்கே அதுக்கு இடமில்லை. அபெக்ஸ் லெஜெண்ட்ஸும் 2024 கடைசியில லினக்ஸ் ஆட்களை வெளியே விட்டுட்டாங்க. ஜிடிஏ 5லயும் கதை ஆட்டம்தான், ஆன்லைன் கிடையாது. இது எந்தக் கட்டளையாலயும் திறக்கிற மடை இல்லை. அடைச்சது பாசி இல்லை, பூட்டு.

இதை நான் மொத நாளே சொல்லியிருக்கணும். அஞ்சாவது நாள்தான் சொன்னேன். எங்கே அப்போவே "அப்போ புது லேப்டாப்பே வாங்கிரலாம்"னு சொல்லிருவானோன்னு பயம். 2012ல ஓடாதுன்னு சொன்னது ஒரு தப்பு. இப்போ எல்லாம் ஓடும்ங்கிற மாதிரி வாயை மூடிட்டு இருந்தது இன்னொரு தப்பு. கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். ஜன்னல் வழியா வயலைப் பார்த்துட்டு இருந்தான்.

அப்புறம் கேட்டான், "மாமா, அம்மா வளையலைக் கழட்டி வச்சிட்டாங்களா?"

"இல்லை. நான்தான் ரெண்டு வாரம் பொறுன்னு சொன்னேன்."

"அது பேங்குக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியாது. கையில பணம் இருக்குன்னு நெனச்சேன்."

வீட்ல யாரும் அவன்கிட்ட சொல்லலை. நாமதான் பிள்ளைங்ககிட்ட எதையும் சொல்றது கிடையாதே. "ஆவாது"ன்னு சொல்லுவோம், இல்லைன்னா சத்தமில்லாம கழட்டிக் கொடுத்துருவோம். நடுவுல எங்கே அடைச்சிருக்குன்னு காட்டுறது கிடையாது.

அன்னிக்கு ராத்திரி அவனே அக்காகிட்ட போய் "இப்போதைக்கு வேண்டாம்மா"ன்னான். இப்போதைக்குன்னுதான் சொன்னான், அதையும் சொல்லிருதேன். மூணாம் வருஷம் ஏதாவது பகுதி நேர வேலை பார்த்து அவனே வாங்கிக்குவானாம். வாங்கட்டும். அதுல விண்டோஸ் போட்டு கூட்டாளிங்க கூட வேலரன்ட் ஆடட்டும், எனக்கொண்ணும் வருத்தமில்லை. அக்கா ஒண்ணும் பேசலை. கையை ஒரு தடவை திருப்பி வளையலைப் பார்த்துட்டு, "சோறு வைக்கட்டா?"ன்னா.

பொங்கல் அன்னிக்கு மஸ்கட்ல இருந்து மூத்தவ வீடியோ கால். இவன் போனைப் பிடுங்கி, "அக்கா, மாமா உன்கிட்ட சொன்னது தப்பு. லினக்ஸ்ல கேம் ஓடுது பாரு"ன்னு திரையைக் காட்டினான். அவ சிரிச்சா. எனக்கு எங்கே போய் ஒளியன்னு இருந்துது.

"மாமா, என்னோட கவர்மென்ட் லேப்டாப்பு அங்கேதான் பரண்ல கெடக்கும். அதுலயும் ஓடுமா?"

இறக்கிப் பார்த்தோம். பேட்டரி செத்துப் போச்சு, சார்ஜரைச் சொருகினா எழும்புது. அதோட கிராஃபிக்ஸுக்கு வல்கன் தெரியாது. அதனால ஜிடிஏ 5 எல்லாம் கனவுல கூட நடக்காது. ஆனா அவ அன்னிக்குக் கேட்டது வைஸ் சிட்டிதானே. 2002ல வந்த கேம். அதுக்கு வைன் மட்டும் போதும், பழைய ஓப்பன்ஜிஎல் வழியாவே ஓடும்.

இந்தத் தடவை நான் கை வைக்கலை. மருமகன்தான் மின்ட் போட்டான். போட்டதும் மொத வேலையா மேங்கோஹட்டை ஓட்டி, நோட்டுல ஒரு புதுப் பக்கம் திறந்து, மேலே அக்கா பேரை எழுதி, அடியில மொத எண்ணைக் குறிச்சான்.

அவ மே மாசம் லீவுக்கு வாறா.

டிஸ்கி 1: கும்பப்பூ அறுப்பு மாசியில. அத்தான் வயல்ல கதிர் நல்லா வாங்கியிருக்கு. கண்ணு படாம இருக்கட்டும்.

டிஸ்கி 2: செயலிப் பாதுகாப்பை அணைச்சா வேகம் கூடும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. பேங்க் வேலையும் பார்க்கிற கணினியில, ஒண்ணு ரெண்டு எஃப்.பி.எஸ்ஸுக்காக வீட்டுக் கதவைத் திறந்து போட்டுத் தூங்குற மாதிரி அது.